வாடகைக்குப் பயந்த வீட்டுக்காரர்

கடன் கொடுத்தவன் தேடி வருவான், வாங்கியவன் ஒளிந்துகொள்வான். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். ஆஸ்திரிய மலைநாட்டில் இருக்கும் எங்கள் லெர்ஹா ஊரில் மட்டும் 1933ஆம் வருஷக் கோடையில் அது தலைகீழாகப் போனது. வாடகைக்காரி கையில் பணத்தோடு தெருத்தெருவாக அலைந்தாள். வீட்டுக்காரர் கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அலைந்தவள் பெயர் நோட்பூர்கா. ஞானஸ்நானப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. ஊருக்கு அவள் பூர்கி.

பூர்கி மலைப்பண்ணைக் கூலிக்காரர்களுக்குப் பிறந்தவள். பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாள் வந்தால் எங்கள் டிரோல் பக்கத்தில் பண்ணையாட்களுக்குக் கணக்கு முடியும். எசமானுக்குப் பிடித்தால் இன்னொரு வருஷம் இருக்கலாம். பிடிக்காவிட்டால் பனியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பண்ணைக்கு நடக்க வேண்டியதுதான். ஒரு வீட்டில் எந்தப் படி கிரீச்சிடும் என்று தெரிந்துகொள்வதற்குள் அடுத்த வீடு வந்துவிடும். அப்படி வளர்ந்தவள், சிமென்ட் ஆலைத் தொழிலாளி காசியனைக் கட்டிக்கொண்டு, ஆற்றோரம் ஏகிட் லாட்னரின் மாடியில் இரண்டு அறைக்குக் குடி வந்த அன்றைக்கு முதல் வேலையாக மூட்டை கட்டி வந்த துணியைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டாள்.

"இனிமே இதுக்கு வேலை இல்ல," என்றாள். காசியன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மூன்று பிள்ளைகள் அந்த மாடியில்தான் பிறந்தார்கள். பூர்கி ‘மான்’ விடுதிக்கும் கோயிலுக்கும் துணி வெளுத்தாள். கஞ்சி போட்டு இஸ்திரி போடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, வாயிலும் அப்படித்தான். நாட்கள் நன்றாகவே ஓடின. பிறகு வியன்னாவில் ஒரு பெரிய வங்கி கவிழ்ந்தது. அதற்கும் எங்களுக்கும் என்ன என்று இருந்தோம். கொஞ்ச நாளில் சிமென்ட் ஆலையின் புகைபோக்கியில் புகை நின்றது. யாருக்கும் வீடு கட்டக் காசில்லை என்றால் சிமென்ட் யாருக்கு? ஆம்பிளைகள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் காக்கை மாதிரி வரிசையாக உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தார்கள். காசியனும் அதில் ஒருவன்.

வாடகை நின்றது. மாசம் பிறந்தால் லாட்னர் வந்து கதவைத் தட்டுவார். பூர்கி பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அடுப்போரம் நிற்பாள். அவர் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, பெருமூச்சு விட்டபடி இறங்கிப் போவார். லாட்னரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மரவியாபாரி, மூன்று வீட்டுக்குச் சொந்தக்காரர், நகரமன்ற உறுப்பினர். கைக்கு வந்ததை விடத் தெரியாதவர், அவ்வளவுதான். விடத் தெரியாத அந்தக் குணத்தாலேயே வாடகைக்காரர்களையும் சட்டென்று விடாமல் வைத்திருந்தார்.

அப்போதுதான் எங்கள் ஊர் புதுப்பணம் அச்சடித்தது.

பக்கத்து வோர்கல் ஊர்க்காரர்கள் முந்தின வருஷமே தொடங்கியிருந்தார்கள். அங்கே ரோடு போடுகிறார்கள், தெருவிளக்கு எரிகிறது என்று கேள்விப்பட்டு எங்கள் நகரமன்றமும் துணிந்தது. வேலை இல்லாதவர்களைக் கூப்பிட்டு ரோட்டிலும் சாக்கடையிலும் இறக்கியது. கூலிக்கு நாட்டுப் பணமான ஷில்லிங் இல்லை. ஊரே அச்சடித்த நோட்டு. ஊருக்குள் ரொட்டிக்கடை முதல் நகராட்சி வரி வரை அது செல்லும். ஊர் எல்லையைத் தாண்டினால் வெறும் காகிதம். கடைக்காரர்களுக்கு மட்டும், கொஞ்சம் பிடித்துக்கொண்டு நகராட்சியில் ஷில்லிங்காக மாற்றித் தருவார்கள். இதையெல்லாம் வாங்கிக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நம் லாட்னரும் உண்டு. நகரமன்ற உறுப்பினர் போடாமல் இருக்க முடியுமா?

அந்த நோட்டில் ஒரு விஷமம் இருந்தது. மாசம் பிறக்கும்போது அது யார் கையில் இருக்கிறதோ அவர் நூற்றில் ஒரு பங்கு விலைக்கு ஸ்டாம்பு வாங்கி அதன் முதுகில் ஒட்ட வேண்டும். ஒட்டாத நோட்டு செல்லாது. ஆக, வைத்திருந்தால் தேயும், செலவழித்தால் முழுசு. இதைப் புரிந்துகொண்டதும் ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. மாசக் கடைசி வந்தால் ஆளாளுக்குக் கடனை அடைக்க ஓடினார்கள். வருஷக்கணக்கில் வரி பாக்கி வைத்தவன் அடுத்த வருஷத்து வரியையும் சேர்த்துக் கட்டினான். முடிவெட்டுகிறவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, இன்னும் முளைக்காத முடிக்குக் கணக்கு வைத்துக்கொண்டவனும் உண்டு. கோயிலில் மாசக் கடைசி ஞாயிறு காணிக்கைத் தட்டு நிரம்பி வழியும். பங்குச் சாமியார் பீடத்திலிருந்தே சொன்னார்: "உங்க பக்தி மாசக் கடைசியில மட்டும் பொங்குதே, அது ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க." சொல்லிவிட்டு அவரும் பூசை முடிந்த கையோடு மெழுகுவர்த்திக்காரரிடம் அந்த நோட்டுகளைத் தள்ளிவிட ஓடினார்.

காசியனுக்கு ரோட்டு வேலை கிடைத்தது. முதல் கூலியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது பூர்கி அழுதுவிட்டாள். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகுதான் அவள் ஒரு தப்புச் செய்தாள்.

‘மான்’ விடுதிக்காரி வேஃபி அவளுடைய சிநேகிதி. அவள் அப்போதே எச்சரித்தாள்.

"சம்பளம் வந்துதா? நேரா லாட்னர்கிட்ட போய்க் கொஞ்சம் கொஞ்சமா கட்டிடு."

"கொஞ்சம் கொஞ்சமாவா? முடியாது," என்றாள் பூர்கி. "அத்தனை மாசம் அந்தாளு தட்டத் தட்ட நான் மூச்சைப் புடிச்சிட்டு நின்னேன். கட்டறதா இருந்தா மொத்தமா, ஒரே தடவையில, அந்தாளு மேசைமேல தலை நிமிர்ந்து வைக்கணும்."

"அடிப்பாவி! இது என்ன மாவா, டப்பாவுல போட்டு வைக்க? மீனுடி இது! இன்னைக்கே தள்ளலைன்னா நாறிடும்."

பூர்கி கேட்கவில்லை. சேர்த்து வைத்தால் பெருகும் என்று வளர்க்கப்பட்டவள், சேர்த்து வைத்தால் குறைகிற பணத்தை எப்படி நம்புவாள்? பிள்ளைகளின் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, நோட்டு நோட்டாகச் சேர்த்தாள். மாசம் பிறந்தால் நகராட்சி ஜன்னலில் நின்று ஸ்டாம்பு வாங்கி ஒட்டினாள். ஒட்டும்போதெல்லாம் யாரோ தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்கிற மாதிரி எரிச்சல் வரும். ஆனால் விடவில்லை. ஊரில் அந்த நோட்டைப் பூட்டி வைத்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

மார்ச்சில் கொடுத்திருந்தால் லாட்னர் இரண்டு கையாலும் வாங்கியிருப்பார். மற்ற வாடகைக்காரர்களிடம் அப்படித்தான் வாங்கினார். ஜூன் பிறந்து, பாக்கி முழுவதும் சேர்ந்து, பூர்கி ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுப் படியேறியபோது காற்று திசை மாறியிருந்தது. வியன்னாவில் தேசிய வங்கி கோபமாக இருக்கிறது, ஊருக்கு ஊர் நோட்டடித்தால் நாட்டில் தனக்கென்ன வேலை என்று கேட்கிறது, சீக்கிரம் தடை வரும் என்று பேச்சு. கூடவே இன்னொன்றும் நடந்திருந்தது. இன்ஸ்ப்ருக்கிலிருந்து மாற்றலாகி வந்த ரயில்வே அதிகாரி ஒருவர் ஆற்றோரம் மாடி வீடு தேடினார். இரண்டு மடங்கு வாடகை தருவாராம், அதுவும் தேசிய வங்கி ஷில்லிங்கில்.

லாட்னரின் வேலைக்காரி கதவைப் பாதி திறந்தாள்.

"அய்யா ஊர்ல இல்ல."

"மாடி ஜன்னல்ல சுருட்டுப் புகை வருதே, அது யாரோடது?"

"அது... என்னோடது," என்றாள் அந்தப் பாவப்பட்ட பெண்.

"வாழ்த்துக்கள்," என்று சொல்லிவிட்டு பூர்கி திரும்பினாள். மறுநாளும் போனாள். அய்யா மேய்ச்சல் மலைக்கு மாடு பார்க்கப் போயிருந்தார். அதற்கடுத்த நாள் அய்யாவுக்கு வயிற்றுவலி. பணக்காரர்களின் வயிற்றுவலிக்கு நேரம் காலம் நன்றாகத் தெரியும். அந்த வாரமே வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது: பாக்கி முழுவதையும் ஜூன் மாதம் முடிவதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் கையில் சேர்க்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியது.

அதைப் படித்ததும் பூர்கிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையில் சேர்த்தால்தானே? அவர் கையையே கண்ணில் காட்டப் போவதில்லை. கொடுத்தால் முகத்துக்கு நேரே மறுக்க முடியாது, ஊரறியக் கையெழுத்துப் போட்டவர். அதனால் கொடுக்கவே விடாமல் மாசத்தைக் கடத்தப் பார்க்கிறார்.

கோர்ட்டில் கட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். போய்க் கேட்டாள். கோர்ட்டுக்கு நிஜ ஷில்லிங்தான் வேண்டும். நகராட்சியில் மாற்றலாம் என்றால், அது கடைக்காரர்களுக்கு மட்டும். வேஃபி தன் பேரில் மாற்றித் தருகிறேன் என்று போனாள். தடை பயத்தில் எல்லாக் கடைக்காரர்களும் குவிந்து அந்த மாசத்துப் பணம் ஏற்கனவே தீர்ந்திருந்தது. சவரக் கடையில் லாட்னர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு பூர்கி ஓடினாள். ஒரு கன்னத்தில் நுரையோடு அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டதாகச் சவரக்காரர் சொன்னார். ஊரே சிரித்தது. பூர்கிக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

காசியன் நல்லவன், ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறவன். ஒருநாள் சாப்பிடும்போது மெல்லச் சொன்னான்: "பேசாம என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாமா? கொட்டகையில ஒரு மூலை தருவா."

பூர்கி கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தே, உன்னை மட்டும் அனுப்பிடுவேன்."

"கோவிச்சுக்காதே. நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் மூட்டை தூக்கி நடந்த மாதிரி என் புள்ளைங்க நடக்காது." காசியன் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான்.

மறுநாள் விடுதிச் சமையலறையில் அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேஃபி செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தாள்.

"இங்க பாருடி. லண்டன்ல மாநாடாம். அறுபத்தாறு நாட்டு மந்திரிங்க கூடியிருக்காங்க. உலகத்துப் பணத்துக்கு என்ன நோவுன்னு பாக்கறாங்களாம். பணத்துக்கு ஈடாத் தங்கம் தர்றதை இங்கிலாந்து விட்டுடுச்சு, அமெரிக்காவும் விட்டுடுச்சு. எந்தப் பணம் எத்தனை பெறும்னு யாருக்கும் தெரியலையாம்."

"அங்கயும் கடன் குடுத்தவன் ஒளிஞ்சிக்கறானா?"

"அது போடலை. ஆனா யாரும் யாருக்கும் கட்டற மாதிரி தெரியலை."

"அப்ப அவங்களைவிட நான் மேல்," என்றாள் பூர்கி. "நான் கட்டறேன்னுதானே அலையறேன்! லாட்னர் என்ன சொல்றான் தெரியுமா? தங்கம் இருந்தாத்தான் பணமாம், இல்லைன்னா காகிதமாம். அந்தக் காகிதத்துக்குத்தானே என் புருஷன் வெயில்ல கல்லு ஒடைச்சான்? அந்த ரோட்டுலதானே இவன் மர வண்டி சத்தமில்லாம போகுது?"

"என்கிட்ட ஏன் கத்தறே? அவன்கிட்ட போய்க் கத்து."

"கெடைச்சாத்தானே!"

சொல்லிக்கொண்டே அடுத்த துணியை எடுத்தாள். வெள்ளைக் கையுறை. இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்காகக் கோயிலிலிருந்து வந்தது. ஜூன் 29, எங்கள் கோயிலின் பாதுகாவலர் விழா. சாமியார் பொன்னாலான கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை அப்பத்தை ஏந்திப் பவனி வந்து, வழியில் போட்ட நான்கு பீடங்களில் நின்று ஆசீர்வதிப்பார். அவர் தலைக்கு மேலே பட்டு மேற்கட்டி. அதன் நான்கு கம்பங்களையும் ஊரின் நான்கு பெரிய மனிதர்கள் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கையாலும் பிடித்து வருவார்கள். நான்கில் பெரிய கையுறை லாட்னருடையது. முன்பக்கத்து வலது கம்பம் அவர் அப்பன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டு உரிமை. ஊரைவிட்டு ஓடினாலும் ஓடுவாரே தவிர, அந்தக் கம்பத்தை இன்னொருவன் கையில் பார்க்க மாட்டார்.

பூர்கி இஸ்திரிப்பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், கருகுதுடி!" என்று வேஃபி கத்தினாள்.

அன்று சாயங்காலமே பூர்கி பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டாள்.

"சாமி, இனிமே செய்யப்போற பாவத்துக்கு இப்பவே மன்னிப்பு கெடைக்குமா?"

"கெடைக்காது," என்றது வலைக்கு அப்பாலிருந்த குரல். "என்ன பாவம்?"

"பவனியில ஒருத்தருக்குக் கடனைத் திருப்பிக் குடுக்கணும்."

ஊரில் நடப்பது அவருக்குத் தெரியாதா என்ன?

"பவனியை நிறுத்துவியா?"

"இல்ல சாமி. நாலாவது பீடத்துல நீங்களே நிப்பாட்டி, மேற்கட்டியைவிட்டு வெளியே போய் நற்செய்தி வாசிப்பீங்கல்ல? ஆசீர்வாதம் முடிஞ்சு மரியாதைக்குத் துப்பாக்கி வெடிக்கும்ல? அதுக்கப்புறம் ஒரு நிமிஷம். அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம். அது இருமல் இல்லை என்று பூர்கி பின்னாளில் சத்தியம் செய்தாள்.

"கடனை அடைக்கறது பாவம்னு வேதத்துல எங்கயும் இல்ல. ஆனா நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. அப்புறம் ஒண்ணு, திருநாளன்னைக்கு எனக்கு முதுகுல கண்ணு கெடையாது. போ."

திருநாள் காலையில் வெயில் சுள்ளென்று இருந்தது. வாத்தியக்காரர்கள் முன்னால், துப்பாக்கிச் சங்கத்தார் இறகு வைத்த தொப்பியோடு, வெள்ளை உடுப்பில் சிறுமிகள், பிறகு மேற்கட்டி. முன்பக்க வலது கம்பத்தில் லாட்னர் இருந்தார். முகம் மினுமினுவென்று சவரம் செய்திருந்தது, கண் மட்டும் பெண்கள் வரிசையில் அலைந்தது. பூர்கி கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலை குனிந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். ரவிக்கைக்குள் நோட்டுக்கட்டு நெஞ்சில் குத்தியது. முதல் பீடம் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதில் ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது. இத்தனை பேர் முன்னால், நற்கருணைக்கு முன்னால் இதைச் செய்யத்தான் வேண்டுமா? பைத்தியக்காரி என்று சொன்னால்? அந்த ஆள் நோட்டைத் தரையில் உதறிவிட்டால்? மாசம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. கட்டிலுக்கடியில் பிள்ளைகள் மூச்சடக்கிப் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. நடந்தாள்.

நாலாவது பீடம் பாலத்தடியில், காசியன் ஆட்கள் போட்ட புது ரோட்டின்மேல். சாமியார் மேற்கட்டியை விட்டுப் பீடத்துக்குப் போனார். நற்செய்தி வாசித்தார். கதிர்ப்பாத்திரத்தை உயர்த்தினார். கம்பம் பிடித்த நால்வரைத் தவிர ஊர் முழுதும் மண்டியிட்டது. துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தன. சத்தம் மலையில் மோதித் திரும்பியது. புகை விலகியபோது பெண்கள் வரிசையில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் நேராக நடந்து வந்து லாட்னருக்கு முன்னால் நின்றாள். அவர் முகம் வெளுத்தது.

"இங்கயா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "உனக்கு மானம் மரியாதை இருக்கா?"

"இருக்கறதாலதான் வந்தேன்." பூர்கி நோட்டுக்கட்டை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். "லாட்னர் அய்யா, என் வாடகை பாக்கி. போன மாசம் வரைக்கும் மொத்தமும் இருக்கு, இந்த மாசத்தோடதும் இருக்கு."

"இப்ப வேணாம். எடுத்துட்டுப் போ."

"அப்படீன்னா கையால தள்ளி விடுங்க."

அவர் கைகள் கம்பத்தில் இறுகின. விட்டால் மேற்கட்டி சாயும். அப்பன் காலத்திலிருந்து ஒரு தடவைகூடச் சாயாத மேற்கட்டி. பூர்கி அவர் கோட்டுப் பையைத் திறந்து நோட்டுக்கட்டை உள்ளே வைத்து, பையின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள், குழந்தைக்கு உடுப்பைச் சரிசெய்வது போல.

முன்பக்க இடது கம்பம் ரொட்டிக்கடைக்காரர் க்விரினுடையது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"நான் பாத்தேன். லாட்னர் வாங்கிட்டாரு."

பின்னாலிருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மண்டியிட்டிருந்தவர்களிடையே எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது. இன்னொருவர் உஸ் என்றார். அவரே பிறகு சிரித்தார். சாமியார் கதிர்ப்பாத்திரத்தோடு திரும்பி வந்து, எதையும் பார்க்காதவராக, மேற்கட்டிக்கு அடியில் நின்று, "நடங்க," என்றார்.

பவனி நகர்ந்தது. பூர்கி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குள் இத்தனை நாளாக யாரோ முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்த துணியைத் திடீரென்று விட்டுவிட்ட மாதிரி இருந்தது. வேஃபி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

மத்தியானம் ‘மான்’ விடுதியில், ஊர் பார்க்க, லாட்னர் ரசீது எழுதிக் கொடுத்தார். காது இன்னும் சிவந்திருந்தது.

"ஏம்மா பூர்கி, உனக்குக் கொஞ்சமும் பயமில்லையா?"

"இருந்துது அய்யா. ஆனா உங்களுக்கு அதைவிட அதிகமா இருந்துது."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடிப்பதற்குள் அவருக்கு மாசக் கடைசி நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் நகராட்சி வரி ஜன்னலில் முதல் ஆளாக நின்றவர் அவர்தான். மிச்ச நோட்டோடு தச்சனையும் கொல்லனையும் தேடி ஓடினார். அவர்கள் வீட்டில் இல்லை என்று அவர்களுடைய பெண்டாட்டிகள் சொன்னார்களாம். ரயில்வே அதிகாரி வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பூர்கி ஒரு நோட்டைக்கூடப் பூட்டி வைக்கவில்லை. சம்பளம் வந்த அன்றே ரொட்டி, மாவு, பிள்ளைகளுக்குச் செருப்பு, மீதியெல்லாம் லாட்னரிடம் முன்வாடகை. அவர் ஒளிவதை விட்டுவிட்டார். ஒளிந்தால் இவள் எங்கே வந்து நிற்பாளோ என்ற பயம் ஸ்டாம்பு செலவைவிடப் பெரிதாக இருந்தது.

செப்டம்பரில் வியன்னாவிலிருந்து தடை வந்தேவிட்டது. தேசிய வங்கியைத் தவிர யாரும் நாட்டில் பணம் அச்சடிக்கக் கூடாது. பாதி போட்ட ரோடு பாதியில் நின்றது. நோட்டு வைத்திருந்தவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு நகராட்சிக்கு ஓடினார்கள். வரிசை பாலம் வரைக்கும் நீண்டது. கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் பெண்கள் அழுதார்கள். எங்கள் ஊர் கடைசியில் யாரையும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

காசியன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தான். வேலை போய்விட்டது என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. முகத்தில் பழைய நிழல் திரும்பியிருந்தது.

"எல்லாரும் ஓடறாங்க பூர்கி. நம்மகிட்ட எத்தனை நோட்டு இருக்கு? எடு, வரிசையில போய் நிக்கறேன்."

பூர்கி அடுப்பில் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கையில் பணமில்லாதது அவளுக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது.

"ஒண்ணுகூட இல்ல," என்றாள். "எல்லாம் அந்தாளு பாக்கெட்டுல. ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டை விட்டு நம்மள யாரும் அசைக்க முடியாது. மண்வெட்டியை வெச்சிட்டு வந்து உக்காரு, சூப்பு ஆறுது."